இரும்பு இறங்கும் கணக்கு

9-6-64, செவ்வாய்

சாரல் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் துணி கொடியில் ஈரம். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி மகள் உலகின் பாவாடைகளை மட்டும் போட்டேன். மற்றது நாளைக்கு.

உலகுக்கு ஊசி, 11-ஆம் நாள். ஒரு சீசா. கம்பவுண்டர் அண்ணாச்சி ஏழே காலுக்கு வந்தார். வலது தொடை. அழவில்லை. ஆறு வரை எண்ணினாள், முடிந்துவிட்டது.

நிறம் 1. நேற்றும் 1. முந்தாநாளும் 1.

பழைய நோட்டு தீர்ந்து இது புதிது. கணக்கு நோட்டு மாற்றும்போது முன்பாக்கி எழுதுவதுபோல இதையும் எழுதிவிடுகிறேன்.

முன்பாக்கி: உலகம்மைக்கு எட்டரை வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. அவள் உடம்பில் ஊறும் இரத்தம் நிலைக்காது, சீக்கிரம் அழிந்துவிடும். மாதம் ஒரு தடவை திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் வேறு யாருடைய இரத்தமோ ஒரு பாட்டில் ஏற்றுகிறோம். அதுதான் உயிர். ஆனால் அந்த இரத்தத்தோடு இரும்பும் உள்ளே போகிறது. உடம்புக்கு அதை வெளியே தள்ள வழி கிடையாதாம். ஈரலிலும் நெஞ்சிலும் போய்த் தங்குகிறது. பிள்ளை கறுத்துக்கொண்டே வருகிறாள். வெயில் என்கிறார்கள் அத்தை. வெயில் இல்லை.

வரவு மட்டும் உண்டு, செலவு இல்லை. அப்படிப்பட்ட கணக்கு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

இரும்பை இழுக்கும் மருந்து:

பழையது (மாசி மாதம்) – இரும்பை இழுத்தது, கூடவே சுண்ணாம்புச் சத்தையும் இழுத்தது. விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிக்கொண்டன. மூத்திரத்தில் உப்பு இறங்கியது. நிறுத்தினார்கள்.

புதியது – சீமையிலிருந்து வருகிறது. இரும்பை மட்டும்தான் பிடிக்குமாம். பிடித்த இரும்பு மூத்திரத்தில் சிவப்பாக இறங்கும். மே மாதம் ஆஸ்பத்திரியில் தினம் இரண்டு சீசா. நிறம் 4. கூடவே உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி. ஒரு நாள் கட்டிலை விட்டு இறங்கினவள் அப்படியே சரிந்தாள்.

அப்புறம் ஒரு சீசாவாகக் குறைத்து வீட்டிலேயே. தடிப்பு இல்லை. இரும்பும் இல்லை.

ஒன்று போதவில்லை, இரண்டு தாங்கவில்லை. 27-ஆம் தேதி சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் டாக்டரம்மா. அதற்குள் நிறம் ஏறாவிட்டால் மறுபடியும் இரண்டு சீசா. அதையும் தாங்காவிட்டால் மருந்தையே நிறுத்துவது. நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

10-6, புதன்

ஊசி 12. இடது. நிறம் 1.

நிறம் பார்க்கும் முறையையும் எழுதி வைக்கிறேன். ஆரத்தி கரைப்பதுபோல மஞ்சள், சுண்ணாம்பு, தண்ணீர். எப்போதும் ஒரே கரண்டி, ஒரே அளவு. அது 5. அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டால் 4. அதிலும் பாதி விட்டால் 3. இப்படி 1 வரை. ஐந்து குப்பி வரிசையாக ஜன்னலில். தினம் காலையில் புதிதாகக் கரைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் தங்கிவிடுகிறது. உலகு காலை ஏழிலிருந்து மறுநாள் ஏழு வரை விட்டதெல்லாம் பீங்கான் ஜாடியில். ஜாடி கழுத்து வரை தண்ணீர் விட்டு நிரப்பிய பிறகுதான் நிறம் பார்ப்பது. இல்லையென்றால் தண்ணீர் குறைவாகக் குடித்த நாளெல்லாம் சிவப்பாகத் தெரியும், நம்மையே ஏமாற்றிவிடும்.

அத்தைக்கு இந்த ஜன்னலைக் கண்டாலே ஆகவில்லை. "ஆரத்தித் தண்ணியையும் மூத்திரத்தையும் ஒரே வரிசையில வச்சிருக்கியேட்டி, சாமி கண்ணைக் குத்தாதா?" என்றார்கள். ஜாடி ஊறுகாய் ஜாடி என்பது இன்னும் அவர்களுக்குத் தெரியாது. உலகுக்குப் பத்தியம் ஆனதிலிருந்து இந்த வீட்டில் ஊறுகாயே போடவில்லை, ஜாடி சும்மாதான் கிடந்தது.

பத்தியம்: புளி, எலுமிச்சை, நெல்லி, மாங்காய், நார்த்தை கூடாது. தயிர் கூடாது. மருந்து இருக்கும் நாள்வரை, அதாவது தினமும்.

மிளகுச்சாறு, பருப்பு, சுட்ட அப்பளம். பிள்ளை தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

12-6, வெள்ளி

ஊசி 14. நிறம் 1.

உலகம்மன் சந்நிதிக்குப் போனேன். மழையில் பிராகாரமெல்லாம் வழுக்கல். பின்னால் நின்ற ஒரு அம்மாள் உலகின் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை வெளுத்திருக்கிறாள், முருங்கைக்கீரையை இரும்புச் சட்டியில் வதக்கிக் கொடு என்றாள். இரும்பு கூடிப்போய்த்தான் வைத்தியம் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவளிடம், "இரும்பு கூடுனா பலம்லா வரணும், இவ என்னமோ சொல்லுதா" என்றது காதில் விழுந்தது.

அவளைக் கோபித்து என்ன. உலகுக்கு மூன்று வயதில் வைத்தியர் கொடுத்த அயச்செந்தூரத்தைத் தேனில் குழைத்து என் விரலால் நானேதான் ஊட்டினேன். இரண்டு வருஷம். ஒரு நாள் தவறவில்லை. நோட்டில் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் ஒரு சுழி. செந்தூரம் என்றால் இரும்புப் பஸ்பம் என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தச் சுழிகளை எண்ணினேன். முழுக்க எண்ண முடியவில்லை. பத்தியமும் அந்த வைத்தியர் சொன்னதுதான். செந்தூரம் போய்விட்டது. பத்தியம் மட்டும் நின்றுவிட்டது. எந்த மருந்தானாலும் புளிப்பு மருந்தை முறித்துவிடும் என்பார்கள் அத்தை. நானும் நம்பித்தான் செய்கிறேன்.

இரும்புச் சட்டி, தோசைக்கல் எல்லாம் பரண் மேல் போட்டாயிற்று. தோசை கற்சட்டியில் வரவே மாட்டேன் என்கிறது.

13-6, சனி

ஊசி 15. நிறம் 1. மதுரையிலிருந்து பாக்கியம் மதினி, உலகின் அப்பாவுக்கு அக்கா, சீசனுக்கு வந்திருக்கிறாள். பெரிய பெட்டி. வாய் ஓயவில்லை.

14-6, ஞாயிறு

ஊசி 16. ஊசி போட்ட கையோடு ஒன்பது மணி பஸ்ஸில் குற்றாலம். அருவியில் நல்ல தண்ணீர். உலகைக் குளிக்க விடவில்லை, படியில் உட்கார்த்தி வைத்தோம். நானும் மதினியும் முறை வைத்துக் காவல். திருக்குற்றாலநாதர் கோயில் தீர்த்தம் ஒரு சொம்பு வாங்கிக்கொண்டேன். உலகு இரண்டு கை குடித்தாள்.

மூத்திரக் குப்பியையும் துணிப்பையில் எடுத்துப் போயிருந்தேன், ஒரு நாள் கணக்கு விட்டுப்போகக் கூடாதே. மதினி பானகம் என்று நினைத்து மூடியைத் திறந்துவிட்டாள். பாய்ந்து பிடுங்கினேன். "சொல்லித் தொலையக் கூடாதாட்டி" என்று அருவிக்கரையில் உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பு! நானும் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று.

15-6, திங்கள்

நிறம் 4!!

முதலில் கண்ணை நம்பவில்லை. குப்பியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஜாடி கழுத்து வரை நிரப்பித்தான் பார்த்தேன். 4-தான், ஒரு பொட்டு கூட. ஒரே சீசா மருந்தில். உடம்பில் தடிப்பு தேடினேன், முதுகு, வயிறு, காது மடல். ஒன்றும் இல்லை.

குற்றாலநாதா. உன் தீர்த்தம்.

மீதித் தீர்த்தத்தைச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். இன்றும் இரண்டு கை. ஊசி 17.

16-6, செவ்வாய்

நிறம் 2. தீர்த்தம் கொடுத்தும் 2. ஊசி 18. மதினி ஊருக்குப் போனாள், குடையை மறந்துவிட்டாள்.

17-6, புதன்

நிறம் 1.

மனசு சோர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஒரு யோசனை. ஒரு செலவு எங்கேயோ விட்டுப்போனால் அந்த நாளைக் காலையிலிருந்து மறுபடி நடந்து பார்ப்பேன். அதுபோல ஞாயிற்றுக்கிழமையை உலகோடு உட்கார்ந்து நடந்து பார்த்தேன். எங்கே உட்கார்ந்தாய், என்ன பார்த்தாய், என்ன தின்றாய். கடைசிக் கேள்வியில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆச்சிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லல."

"அடிக்கக் கூடாது."

"அடிக்கல, சொல்லுட்டி."

"மதுரை அத்தை சர்பத் வாங்கித் தந்தா. ரெண்டு கிளாஸ். பொறவு உப்புத் தொட்டு ஒரு எலுமிச்சம்பழம் முழுசாத் தின்னுட்டேன்."

நான் குளித்துக்கொண்டிருந்த நேரம்.

கோபம் வரவேண்டும். வரவில்லை. மருந்தை முறிக்கும் என்று சொன்ன பழம் மருந்தை முறிக்கவில்லை. அப்படியானால் அது என்ன செய்தது?

ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு புது விஷயம். தீர்த்தம், எலுமிச்சை. எது?

குற்றாலநாதரைச் சந்தேகப்படுகிறேன் என்று இல்லை. ஆனால் 27-ஆம் தேதி டாக்டரம்மாவிடம் கடவுள் என்று சொல்லிக்கொண்டு போனால் இரண்டு சீசாதான். எனக்குத் தெரிய வேண்டும். இவ்வளவு நாள் தெரியாமல் ஊட்டியது போதும்.

ஏற்பாடு:
18, 19, 20 – ஊசி + தீர்த்தம் மட்டும்.
21, 22, 23 – ஊசி + எலுமிச்சை மட்டும். தீர்த்தம் கிடையாது.
24, 25, 26 – ஊசி மட்டும். இரண்டும் கிடையாது.
மற்றச் சாப்பாடு எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொரு நாளிலும் ஒரு சின்னக் குப்பி எடுத்து, டாக்டரம்மா கெடாமலிருக்கக் கொடுத்த மருந்து இரண்டு சொட்டு விட்டு, தேதி ஒட்டி வைப்பது.

பழம் புளியங்குடிக் கமிஷன் கடையிலிருந்து வரும் மெல்லிய தோல் பழம். சாறு நிறைய. அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன்.

20-6, சனி

18-ஆம் தேதி மூத்திரம் 1. 19-ஆம் தேதியது 2. ஒரு சந்தேகம் வந்துவிட்டது. சிவப்பாக வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன், என் கண் எனக்காகவே பார்க்குமே. அதனால் இன்றிலிருந்து நிறம் பார்ப்பது உலகின் அப்பா வேலை. எந்த நாளில் என்ன கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். சமையலறைக்குள்ளேயே கொடுக்கிறேன்.

இவர்கள் மர டிப்போவில் நாள் முழுக்கத் தடியை அளந்து எழுதுகிறவர்கள். அளந்து பழகின கண். "என்னத்துக்குச் சொல்ல மாட்டேங்குத? ஆடிட்டர் மாதிரி பண்ணுதியே" என்று சிரித்தார்கள். "சொன்னா உங்க கண்ணும் பொய் சொல்லிரும்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. குப்பியை வாங்கிக்கொண்டு ஜன்னலண்டை போனார்கள்.

22-6, திங்கள்

20-ஆம் தேதியது 1 என்றார்கள். தீர்த்த நாள் மூன்றும் முடிந்தது: 1, 2, 1.

நேற்று முதல் எலுமிச்சை நாள். ஊசி போட்டு அரை மணி கழித்து ஒரு பழச்சாறு, தண்ணீர், உப்பு. சோற்றோடு இல்லை. இன்று காலை குப்பியைக் கொடுத்தேன். இவர்கள் 3 குப்பியோடு வைத்துப் பார்த்தார்கள், 4-ஓடு வைத்துப் பார்த்தார்கள், திரும்பவும் 3.

"மூணுக்கு மேல. என்ன செஞ்ச கோமதி?"

சொல்லவில்லை. இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

மாலை: அத்தை குப்பையில் எலுமிச்சை மூடியைப் பார்த்துவிட்டார்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நாளைக்கு என் மனசு இதை எனக்குச் சாதகமாக மாற்றிவிடக் கூடாது.

மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார்கள். "இது என்னட்டி?"

"எலுமிச்சம்பழம்."

"அது தெரியாதா எனக்கு? யாருக்கு?"

"உலகுக்கு. ஊசி போட்டபொறவு கொடுக்கேன்."

"ஊசி மருந்தோட புளிப்பக் குடுத்தா மருந்து முறியும். ரத்தம் சுண்டும். ஒரு பிள்ளைதானே உனக்கு? அதையும் பரீட்சை பண்ணிப் பாக்கியா? எங்க வீட்டுல எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு நோக்காடு வந்ததில்ல."

அத்தை என் அப்பாவுடன் பிறந்தவர்கள். அவர்கள் மகனுக்கு என்னைக் கேட்டுக் கட்டிக்கொண்டது அவர்களேதான். தாய் வழியில் பாதி, தகப்பன் வழியில் பாதி இருந்து இரண்டும் சேர்ந்தால் வரும் நோய் இது என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒரு நாளும் வீட்டில் அதைச் சொன்னதில்லை. இன்று சொல்லிவிட்டேன்.

"உங்க வீடு, எங்க வீடுன்னு ரெண்டு எங்க இருக்கு அத்தை? ஒரே வீடுதானே. பாதி நீங்க கொடுத்தது, பாதி அப்பா கொடுத்தது. இரும்பை இறக்குதது நான். என்னை இறக்க விடுங்க."

அத்தை மூடியை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். இரவு சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

23-6, செவ்வாய்

நிறம் 4. இவர்கள் சொன்னது. தடிப்பு இல்லை, வாந்தி இல்லை. ஊசி 25.

பால்காரி இரண்டு நாளாக வரவில்லை, கன்று செத்துப்போயிற்றாம்.

அத்தை பேசவில்லை. ஜன்னலிலிருந்த ஆரத்திக் குப்பி ஐந்தையும் முற்றத்தில் கொட்டிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மறுபடி கரைத்தேன். ஒரே கரண்டி, ஒரே அளவு. அம்மனுக்குக் கரைக்கும் கையால்தான் இதையும் கரைக்கிறேன். இதில் தீட்டு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

இவர்கள் அத்தையிடம் என்னவோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள். "நீயும் அவ கூடச் சேந்துட்டியா லே" என்று கேட்டது. எலுமிச்சை என்று இவர்களுக்குத் தெரிந்துபோயிற்று, எந்த நாளில் கொடுக்கிறேன் என்று மட்டும் தெரியாது.

25-6, வியாழன்

நேற்றுக் காலை பார்த்தது, 23-ஆம் தேதியது: 4. எலுமிச்சை நாள் மூன்று: 3, 4, 4.

இன்று பார்த்தது, எலுமிச்சையை நிறுத்திய முதல் நாளையது: 3. உடம்பில் முந்தின நாள் சாறு மிச்சமிருந்திருக்கலாம். பொறுத்துப் பார்க்க வேண்டும்.

எலுமிச்சை கேட்டு உலகு அழுதாள். ஊசிக்கு அழாதவள். கொடுக்கவில்லை. இன்னும் ஒரு நாள் பொறுடி என் தங்கம் என்றேன். எதற்கு என்றாள். "நான் சொல்றதை டாக்டரம்மா நம்பணும்லா, அதுக்கு" என்றேன். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பன்னா சரி" என்றாள்.

ஒன்று கவனித்தேன். ஊசி போட்ட பிறகு முதல் இரண்டு தடவைதான் நல்ல சிவப்பு. மத்தியானத்துக்கு மேல் வெளுத்துவிடுகிறது. மருந்து அதற்குள் ஓடிப்போய்விடுகிறதா? ஓரத்தில் குறித்து வைத்தேன்.

26-6, வெள்ளி

நிறம் 2. நாளைக் காலை குப்பி ஒன்று பாக்கி. நோட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். குப்பிகளுக்கு வைக்கோல்.

கோயிலில் அம்மனிடம் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. நின்றேன், விழுந்து எழுந்தேன், வந்தேன்.

27-6, சனி. ரயிலிலும் வீட்டிலுமாக எழுதியது

காலைக் குப்பி: 1. எதிர்பார்த்தபடி.

திருநெல்வேலி வண்டியில் கூட்டம். குப்பிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். இவர்கள் நின்றுகொண்டே வந்தார்கள்.

டாக்டரம்மா நல்லவர்கள், அவசரக்காரர்கள். முந்தின இரண்டு வார நிறத்தைப் பார்த்ததும் இரண்டு சீசா என்று முடிவு செய்துவிட்டார்கள். பெட் காலியாக இருக்கிறது, இன்றே சேர்த்துவிடலாம் என்றார்கள். சம்மதப் படிவத்தை மேஜையில் நகர்த்தினார்கள். இவர்கள் பேனாவைத் திறந்தார்கள். நான் கையை வைத்து மறைத்துக்கொண்டேன்.

அந்தக் கைக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது.

நோட்டை விரித்து வைத்தேன். முதலில் சிரித்தார்கள், எலுமிச்சம்பழமா என்று. அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டுப் படித்தார்கள். தீர்த்தத்தைத் தனியாக வைத்துப் பார்த்திருப்பதில் விரல் நின்றது. நிறம் பார்த்தவருக்கு எந்த நாள் எது என்று தெரியாது என்றேன். நிமிர்ந்து இவர்களைப் பார்த்தார்கள். இவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்கள்.

"பிள்ளைக்கு என்ன சாப்பாடுன்னு நான் கேட்டப்ப பத்தியச் சாப்பாடுன்னுதானே சொன்னீங்க. நான் கஞ்சி, காரம் இல்லாம அப்படின்னு நினைச்சிட்டேன். புளிப்பே கிடையாதா? பழமே கிடையாதா? எத்தனை வருஷமா?"

"ஐந்து வருஷம்."

நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள். அப்புறம் எனக்குப் புரியும்படி சொன்னார்கள். இரும்பு சேர்ந்த உடம்பு பழத்திலுள்ள சத்தைத் தின்று தீர்த்துவிடும். இந்தப் பிள்ளைக்குப் பழமே கொடுக்கவில்லை என்றால் அந்தச் சத்து அடியோடு வற்றியிருக்கும். அது இருந்தால்தான் பதுங்கிக் கிடக்கிற இரும்பு இளகி மருந்தின் கைக்கு வருமோ என்னவோ. இது அவர்கள் யூகம். புத்தகத்தில் இன்னும் பார்க்கவில்லை.

நான் கேட்டேன், அப்படியானால் இரண்டு சீசா எதற்கு?

நிறம் சாட்சி ஆகாது என்றார்கள். குப்பிகளைக் கீழே சோதனைச் சாலைக்கு அனுப்பி இரும்பை அளந்து பார்க்க வேண்டும், ஒரு வாரம் ஆகும், அதுவரை பிள்ளை ஆஸ்பத்திரியில் இரண்டு சீசாவில் இருப்பதுதான் முறை. அதுவும் நியாயம்தான், ஒவ்வொரு நாளும் இரும்பு ஏறிக்கொண்டிருக்கிறதே.

"அம்மா, இரண்டு சீசாவில அவ சரிஞ்சு விழுந்தப்ப பிடிச்சது நான்தான். ஒரு சீசாவில நாலு வருது. அளந்து பாருங்க. நான் சொன்னது தப்புன்னா அடுத்த சனிக்கிழமை நானே கொண்டாந்து படுக்க வைக்கேன். அதுக்கு முன்னால கையெழுத்துப் போட மாட்டோம்."

மாட்டேன் என்று சொல்லவில்லை, மாட்டோம் என்றேன். இவர்கள் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்கள். அந்தச் சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது.

டாக்டரம்மா படிவத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரம், அதற்குமேல் ஒரு நாள் கிடையாது. எலுமிச்சை ஒன்றுக்கு மேல் கூடாது. ஊசி போட்ட பிறகுதான், ஊசி இல்லாத நாளில் கூடவே கூடாது. இரும்பை இளக்கிவிட்டுப் பிடிக்க ஆளில்லையென்றால் அது நெஞ்சுக்குப் போனாலும் போகும். எழுதிக்கொண்டேன். அடிக்கோடு இரண்டு.

உலகு வரும்போது ஜன்னலோரம் தூங்கிவிட்டாள்.

29-6, திங்கள்

ஊசி 31. எலுமிச்சை. நிறம் 3.

டாக்டரம்மா கொடுத்துவிட்ட மருந்துக் கம்பெனிப் படிவம் பன்னிரண்டு தாள். தேதி, மருந்து அளவு, மூத்திரம், காய்ச்சல், தடிப்பு. சாப்பாட்டுக்கு இடமே இல்லை. மருந்து போகிற உடம்பில் வேறொன்றும் போகாது என்று நினைத்துக்கொண்டார்களா? அடிக்கோலை வைத்துப் பன்னிரண்டு தாளிலும் வலது ஓரம் ஒரு பத்தி கோடு போட்டேன். தலைப்பு: சாப்பிட்டது.

1-7, புதன்

ஊசி 33. நிறம் 4. மழை விட்டு வெயில். எல்லாத் துணியும் காய்ந்தது.

கம்பவுண்டர் அண்ணாச்சி செங்கோட்டைக்காரர். ஜன்னல் குப்பிகளைப் பார்த்துவிட்டு, "கொள்ளாம், கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சினார். அத்தை உள்ளேயிருந்து, "நீரும் ஒரு சொம்பு குடிச்சுப் பாருமே வே" என்றார்கள். ஒன்பது நாளைக்குப் பிறகு அவர்கள் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கை. ஆனாலும் என்னிடம் இல்லை.

3-7, வெள்ளி

மத்தியானத் தபாலில் கடிதம். கரண்டிக் காம்பால் கிழித்தேன்.

அளந்து பார்த்துவிட்டார்கள். எலுமிச்சை நாட்களில் மற்ற நாட்களைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு இரும்பு. மே மாதம் இரண்டு சீசாவில் இறங்கினதற்கு ஒட்டி வருகிறது. தீர்த்த நாட்களில் வித்தியாசம் இல்லை. இரண்டு சீசா இப்போது தேவையில்லை. ஒன்றே தொடரலாம். பத்தியத்தை நிறுத்தவும். சனிக்கிழமை வரவேண்டாம், இரத்தம் ஏற்றும் நாளில் வந்தால் போதும்.

கடைசியில்: கம்பெனிக்கு எழுதப் போகிறேன், உங்களுக்கு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

சாமி அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். தீர்த்தச் சொம்பு அங்கேயே இருந்தது. இந்தப் பிள்ளையை அன்றைக்குக் குற்றாலத்துக்கு வரவழைத்தது யார், சர்பத் கடையை அங்கே வைத்தது யார் என்று அவருக்கும் எனக்கும் தெரியும். டாக்டரம்மாவின் படிவத்தில் அதற்குப் பத்தி வேண்டாம்.

அழுதேன். கொஞ்சம்தான். அடுப்பில் பால் வைத்திருந்தேன்.

5-7, ஞாயிறு

ஊசி 37. நிறம் 4.

சேர்க்க வேண்டுமா என்று கேட்டார்கள் அல்லவா. சேர்த்தேன். மூன்று தாள் கிழித்து நான்காவதில் சரியாக வந்தது. நகல்:

மருந்து செய்கிறவர்களுக்கு, தென்காசியிலிருந்து ஒரு தாய் எழுதுவது.

1. நீங்கள் செய்திருப்பது இரும்பை மட்டும் பிடிக்கிறது, சுண்ணாம்பை விட்டுவிடுகிறது. அதற்கு நமஸ்காரம். அதை மாற்றிவிடாதீர்கள்.
2. மத்தியானத்துக்குள் ஓடிப்போய்விடுகிறது. நாள் முழுக்க உடம்பில் நிற்கும்படி செய்ய முடியாதா? ஒரேயடியாக நிறையப் போட்டால்தான் தடிப்பும் மயக்கமும். கொஞ்சம் கொஞ்சமாக நெடுநேரம் போனால் குறைவான மருந்தே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.
3. வாயால் விழுங்கும்படி வேண்டும். எவ்வளவு கசந்தாலும் விழுங்குவாள். அவள் தொடையில் இனி இடம் இல்லை.
4. எந்தச் சாப்பாடு மருந்துக்குத் துணை, எது பகை என்று பெட்டியிலேயே எழுதி அனுப்புங்கள். எங்கள் ஊரில் மருந்து என்றாலே பத்தியம் வைப்போம். இன்னும் எத்தனை வீட்டில் பழத்தை ஒளித்து வைத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்களோ.
5. உங்களால் முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதவும். நான் அகராதி வைத்துப் படித்துக்கொள்வேன்.

இவர்களிடம் படித்துக் காட்டினேன். "அஞ்சாவது கொஞ்சம் கடுமையா இருக்கே. வெள்ளைக்காரன் சிரிக்கப் போறான்."

"சிரிக்கட்டும். பதில் போட்டுட்டுச் சிரிக்கட்டும்."

இவர்கள் தாளை வாங்கிப் பார்த்தார்கள். அப்புறம் கடைசியில் என் பேர் இல்லை என்று காட்டினார்கள். ஒரு தாய் என்றால் யார் என்று தெரியும் என்று கேட்டார்கள். எழுதினேன். கோமதி அம்மாள், தென்காசி.

6-7, திங்கள்

கடிதத்தை டாக்டரம்மா விலாசத்துக்குத் தபாலில் சேர்த்தேன். நானே போனேன், குடை இல்லாமல்.

அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை. உலகிடம் மட்டும், "உங்கம்மை கெட்டிக்காரின்னு நெனப்பு" என்றார்களாம். உலகு வந்து சொன்னாள். நெனப்புத்தான், சரி.

மத்தியானம் புளிக்குழம்பு. ஐந்து வருஷத்துக்குப் பிறகு. பிள்ளை இரண்டாம் தடவை சோறு கேட்டாள்.

ஊசி 38. இடது தொடை, கட்டி இல்லாத இடம் தேட நேரமாயிற்று. எலுமிச்சை ஒன்று. நிறம் 4. தடிப்பு இல்லை. மயக்கம் இல்லை. நாளையும் ஒரு சீசாதான்.